தந்தையின் துப்பாக்கியும் மைந்தனின் உரிமமும்

(கேத்தியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏட்டுக் கல்வியே தொழிலாகக் கொண்ட யாம் துப்பாக்கியைப் பற்றிப் பேச எழுந்தது தங்களிற் பலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். எனினும், சங்கத்திற்கு வரும் வினாக்களுள் ஒன்று சில காலமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றது. நம் ஹட்டியில் வாழும் முதியவர் ஒருவர், முறையான உரிமத்துடன் தாம் வைத்திருக்கும் கைத்துப்பாக்கியைப் பெங்களூரில் அலுவல் பார்க்கும் தம் மைந்தனுக்கு அளிக்க விரும்புகின்றார்; அதனை எங்ஙனம் அளிப்பது என்பதே அவ்வினா. இன்னொரு வீட்டிலோ தகப்பனார் காலமாகி ஆண்டு சில கழிந்தும் அவருடைய துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றது. அதனை என் செய்வது என்று அவ்வீட்டம்மையார் கேட்கின்றார். இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒரே இடத்தில் இருத்தலால், அதனை இன்று தெளிவுபடுத்த முற்படுகின்றோம்.

துப்பாக்கி நம் மலைக்குப் புதிய பொருளன்று. உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் விளையும் நம் காடுகளிற் பன்றி இறங்கி ஓரிரவில் உழவனின் ஆண்டுப் பாட்டை உழுது போட்டுவிடும். அதனை வெருட்டும் பொருட்டு மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த வீடுகள் உண்டு. வெலிங்டன் படைவீடு நம் அண்டையிலேயே உள்ளது. படையிற் பணியாற்றி ஓய்வு பெற்றோர் கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெற்று வைத்திருத்தலும் உண்டு. அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலையோ 1904ஆம் ஆண்டு முதல் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வேண்டிய மருந்தைச் செய்து வருகின்றது. நம்மவர் பலர் அங்கே கூலியும் சம்பளமும் பெற்றுக் குடும்பத்தைக் காத்தனர். ஆகவே துப்பாக்கியை நாம் அறிவோம். அதனைப் பற்றிய சட்டத்தையும் அவ்வாறே அறிந்துள்ளோமா என்பதே கேள்வி.

சொற்பொருளை வரையறுத்துக்கொண்டு தொடங்குதல் நலம். உடைமை என்பது ஒன்று. உரிமம் என்பது வேறொன்று. தந்தையின் நிலமும் வீடும் நகையும் அவர் காலத்திற்குப் பின் மக்களைச் சேரும், இவை உடைமை. துப்பாக்கியும் விலைபெறும் பொருளாகலின் உடைமையே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மக்கள், தாய் ஆகியோர்க்கு அதில் பங்குண்டு. ஆனால் அத்துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அரசு கொடுத்த இசைவாகிய உரிமம், இன்னாருக்கு என்று ஒரு பெயருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் மறைந்தவுடன் அவ்வுரிமமும் அவருடனே மறைகின்றது. பொருள் வாரிசைச் சேர்கின்றது, இசைவு சேர்வதில்லை. இவ்வொரு வேறுபாட்டை உணராமையால் வரும் இடர்களே அனைத்தும். இன்றைய உரையில் தாங்கள் மனத்திற் கொண்டு செல்ல வேண்டியது இஃதொன்றே என்று சொன்னாலும் மிகையாகாது.

இசைவு ஏன் வேண்டும் என்று இளைஞர் வினவலாம். அதற்குச் சிறிது வரலாறு கூறுவோம். 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு மக்களிடமிருந்து படைக்கலங்களைப் பறிக்கத் தொடங்கிற்று. 1878இல் லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாயிருந்த காலத்தில் இந்தியப் படைக்கலச் சட்டம் பிறந்தது. ஐரோப்பியர்க்கு அதனின்று விலக்களிக்கப்பட்டது. இந்நாட்டார் மட்டும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. இவ்விழிவைக் கண்டு வருந்திய தேசத் தலைவர்கள், 1931ஆம் ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபையின் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருத்தலைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தனர். எனினும் நாடு விடுதலை பெற்றுத் தனக்கு வேண்டிய அரசமைப்பைத் தானே வகுத்தபோது நிலை மாறிற்று. 1948ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்குமாறு அரசமைப்புப் பேரவையில் திருத்தம் கொணர்ந்தார், டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தமும் நிறைவேறவில்லை. பின்னர் வந்த 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிறம் பார்த்து விலக்களிக்கும் பழைய முறை அதில் இல்லை. ஆனால் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருத்தல் வேண்டும் என்னும் விதி நிலைத்துவிட்டது. இன்று நம்மை ஆள்வன அச்சட்டமும், 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும், 2019ஆம் ஆண்டின் திருத்தமுமேயாம்.

இனி, மாநில எல்லையைப் பற்றிய ஐயத்திற்கு வருவோம். கேத்தி தமிழ்நாட்டில், பெங்களூர் கருநாடகத்தில். அங்குள்ள சட்டம் வேறோ என்று பலர் அஞ்சுகின்றனர். அங்ஙனமன்று. நம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், மத்திய அரசுக்குரிய பட்டியலின் 5ஆவது இனமாகப் படைக்கலங்களும் வெடிபொருள்களும் அமைந்துள்ளன. ஆகையால் குமரி முதல் இமயம் வரை சட்டம் ஒன்றே. மாறுவது உரிமம் வழங்கும் அதிகாரி மட்டுமே. நீலகிரியில் வாழ்வோர்க்கு உதகையிலுள்ள மாவட்ட ஆட்சித் தலைவரே மாவட்ட நடுவர் என்ற முறையில் அதிகாரி. பெங்களூர் போன்று காவல் ஆணையர் அமைந்த நகரங்களில் அவ்வாணையரே அதிகாரி. மைந்தன் எங்குக் குடியிருக்கின்றானோ அவ்விடத்து அதிகாரியிடமே அவன் விண்ணப்பித்தல் வேண்டும். தந்தையின் ஊரில் விண்ணப்பித்துப் பயனில்லை.

அமெரிக்காவிற் பணி செய்யும் நம் பிள்ளைகள் அந்நாட்டு வழக்கைச் சொல்லிப் பெற்றோரை மயங்கவைத்தலும் உண்டு. அங்கே மாநிலந்தோறும் சட்டம் வேறுபடும். 1968ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு மாநிலத்தார் வேறு மாநிலத்தார்க்குத் தாமே நேரில் துப்பாக்கி கொடுத்தல் ஆகாது. உறவினராயினும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே கைமாறல் வேண்டும். ஆனால் இறந்தவரின் விருப்ப ஆவணத்தாலோ வாரிசுரிமையாலோ வருவதற்கு அச்சட்டத்தில் விலக்குண்டு. நம் நாட்டிலோ வாரிசுக்கும் அத்தகைய விலக்கில்லை. உரிமம் முன்னே, துப்பாக்கி பின்னே. ஆகவே அயல்நாட்டு வழக்கை நம் வீட்டில் அளவுகோலாகக் கொள்ளுதல் பேரிடர்க்கு வழியாம்.

தந்தை உயிருடன் இருக்கும்போதே மைந்தனுக்கு அளித்தல் எங்ஙனம் என்பதை இப்பொழுது முறையாகக் கூறுவோம். உரிமம் உடையவர் 70 வயதை எய்தியிருந்தாலோ, அத்துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றுள் எது முந்தியதோ அதனைக் கொண்டு, தம் வாரிசுகளுள் ஒருவரைக் குறித்து, அவர்க்கு உரிமம் வழங்குமாறு கேட்டுக்கொள்ளலாம் என 2016ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. குறிக்கப்பட்ட வாரிசு தம் ஊர் அதிகாரியிடம் விண்ணப்பித்தல் வேண்டும். படைக்கலத்தைத் தீங்கின்றிக் கையாளும் பயிற்சி பெற்றமைக்குச் சான்று காட்டல் வேண்டும். காவல் துறையார் அவருடைய நடத்தையை விசாரித்து அறிக்கை தருவர். இவை முடிந்து உரிமம் கைக்கு வந்த பின்னரே அடுத்த படி. ஏனைய வாரிசுகள் தமக்குத் தடையில்லை என்று எழுத்தில் ஒப்புதல் தருவதும் இன்றியமையாதது. பொருளில் அவர்க்கும் பங்குண்டு என மேலே கூறினோம் அன்றோ? அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பி பின்னர் வழக்காடி வாங்கும் நிலை வாராதிருக்க இஃது உதவும்.

வாரிசு உரிமம் பெற்றுவிட்டார் என்பதனாலேயே அன்று மாலையில் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடலாம் என்றும் எண்ணற்க. சட்டத்தின் 5ஆவது பிரிவு இவ்விடத்தில் ஒரு தவணை வைத்துள்ளது. தம் சொந்தப் பயனுக்கு வைத்திருந்த துப்பாக்கியை உரிமம் உள்ள பிறர்க்கு மாற்ற விரும்புவோர், பெறுபவரின் பெயரையும் முகவரியையும் குறித்து, மாவட்ட ஆட்சித் தலைவர்க்கேனும் அண்மையிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கேனும் எழுத்தால் அறிவித்தல் வேண்டும். அறிவித்த நாளினின்று 45 நாட்கள் கழிதல் வேண்டும். அதன் பின்னரே கைமாற்றம். இருவருடைய உரிமங்களிலும் அம்மாற்றம் பதிவாகிவிட்டதா என்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே தந்தை தம் பொறுப்பு நீங்கியதாகக் கருதலாம். கொடுத்த அறிவிப்பின் படியையும், அதனைப் பெற்றுக்கொண்டமைக்கு அலுவலகம் இட்ட முத்திரையையும் போற்றி வைத்தல் வேண்டும்.

தகப்பனார் காலமாகிவிட்ட வீட்டின் நிலை வேறு. ஈமக் கடன்கள் முடியுமட்டும் பிற செயல்களை ஒத்திவைத்தல் நம் மரபு, அம்மரபு போற்றற்குரியது. ஆயினும் துப்பாக்கியைப் பொறுத்தமட்டில் தாமதம் தகாது. சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, வைத்திருக்கும் இசைவு அற்றுப்போன துப்பாக்கியை வீணான காலதாமதமின்றி அண்மைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற படைக்கல வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். ஒப்படைத்தல் என்றவுடன் அரசு பறித்துக்கொள்ளும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் தேவையற்றது. ஒப்படைத்த பொருளுக்குச் சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வாரிசு உரிமம் பெற்ற பின் அதனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உரிமம் வேண்டாவெனில் தகுதியுள்ள பிறர்க்கு விற்று, விலையைப் பெற்றுக்கொள்ளலாம். விதித்த காலத்திற்குள் இரண்டில் ஒன்றும் செய்யாது விட்டாலன்றி அப்பொருள் அரசைச் சேராது. ஒப்படைக்கத் தயங்கிப் பெட்டிக்குள் வைத்திருப்பவரே உண்மையில் அதனை இழக்கும் வழியிற் செல்கின்றார்.

சில வரம்புகளையும் இவ்விடத்துச் சொல்லுதல் வேண்டும். 21 வயது நிறையாதவர்க்கு உரிமம் இல்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடியவை இரண்டு துப்பாக்கிகளே. முன்னர் மூன்றாக இருந்தது. வாரிசாக வந்தது என்னும் காரணத்தால் அவ்வெண்ணிக்கை கூடாது. முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த உரிமம் அத்திருத்தத்தால் ஐந்தாண்டுக்கு நிற்கின்றது. மேலும், கைத்துப்பாக்கியின் குழல் அளவை நோக்குதல் மிக முக்கியம். படைகளில் வழங்கிய 9 மில்லிமீட்டர், .380, .455 ஆகிய தோட்டாக்களைச் சுடவல்ல கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவற்றிற்கு உரிமம் வழங்குவது மாவட்ட அதிகாரியன்று, மத்திய அரசே. .32 அளவுள்ளவை பொதுவாக அனுமதிக்கப்பட்ட வகையின. பழைய படைவீரர் ஒருவர் விட்டுச்சென்ற பேழையைத் திறக்கும் பிள்ளைகள் முதலில் இவ்வளவை அறிதல் வேண்டும். அதுவும் தாமே எடுத்துப் பார்த்து அன்று. உரிமத்தில் எழுதியிருப்பதைப் படித்து அறிதல் வேண்டும்.

உழவர் வைத்திருக்கும் பயிர்க்காவல் துப்பாக்கிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அவ்வுரிமம் விளைநிலத்தின் தேவையைச் சார்ந்து அளிக்கப்படுவது. நிலம் கேத்தியில் இருக்க, மைந்தன் நகரத்து மாடி வீட்டில் இருப்பானாயின், பயிர்க்காவல் என்னும் காரணம் அவனோடு நகரத்திற்குக் குடிபெயராது. நிலத்தை யார் உழுகின்றாரோ அவரே விண்ணப்பித்தல் பொருத்தம். மகள் உழுதால் மகளே விண்ணப்பிக்கலாம். சட்டம் ஆண் பெண் என்று பிரிப்பதில்லை. முதுமலை போன்ற சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குட்பட்ட ஊரினர் மற்றொன்றையும் அறிக. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, அவ்வெல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வனவுயிர்க் காவலரின் முன்னிசைவு வேண்டும். பயிர்க்காவலுக்கு உரிமம் உண்டு என்பதனாலேயே காட்டெருமையைச் சுடும் உரிமை ஒருவர்க்கும் வந்துவிடாது. அவ்விலங்கு அச்சட்டத்தின் முதல் அட்டவணையிற் காக்கப்பட்டது.

வழிப் பயணத்தைப் பற்றியும் ஒரு சொல். உரிமச் சுவடியில் அது செல்லும் எல்லை எழுதப்பட்டிருக்கும். அவ்வெல்லைக்கு அப்பால் துப்பாக்கியைக் கொண்டு செல்லுதல், உரிமம் உள்ளவர்க்கும் குற்றமே. ஆகவே பெங்களூருக்குப் போகும் மருமகனிடமோ, கக்கநல்லா வழியாக மைசூர் செல்லும் வண்டியோட்டியிடமோ, நாடுகாணி வழியாகக் கேரளம் செல்லும் நண்பரிடமோ துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புதல் அறவே ஆகாது. கொடுத்தவர், கொண்டு சென்றவர், பெற்றவர் ஆகிய மூவரும் அகப்படுவர். சோதனைச் சாவடியில், “எங்கள் அப்பாவுடையது” என்னும் சொல் உரிமத்திற்கு ஈடாகாது. எல்லை கடத்தற்குரிய வழியை இரு மாவட்ட அதிகாரிகளிடமும் எழுத்தில் கேட்டு, உரிமம் பெற்ற வணிகர் வாயிலாகவோ, அவர்கள் குறித்த வண்ணமோ அனுப்புதலே தக்கது.

குடகு நாட்டினரைக் காட்டி நம் இளைஞர் ஒரு வாதம் செய்வர். அவர்கள் உரிமமின்றியே துப்பாக்கி வைத்திருக்கின்றனர். கைல்போள்து விழாவில் அதனை அலங்கரித்து வழிபடுகின்றனர். மலைநாட்டு மக்களாகிய நமக்கும் அஃது ஏன் ஆகாது என்பர். அதன் வரலாறு வேறு. 1861ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு குடகருக்கு அவ்விலக்கை அளித்தது. இன்றும் படைக்கலச் சட்டத்தின் 41ஆவது பிரிவின் கீழ்க் குடகருக்கும் ஜம்மா நிலவுரிமையாளர்க்கும் மத்திய அரசு ஆணையால் விலக்கு நிற்கின்றது. 2019ஆம் ஆண்டில் அது 2029 வரை பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த வழக்கில், 2021ஆம் ஆண்டு கருநாடக உயர் நீதிமன்றம் அவ்விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவ்விலக்கும் காலவரையறை உள்ள அரசாணையால் நிற்பதேயன்றித் தானே பிறந்த உரிமையன்று. ஒருவர்க்கு வழங்கிய விலக்கு அயலார்க்குத் தொற்றிக்கொள்ளாது. அண்டை வீட்டான் பெற்ற பட்டாவைக் காட்டி நம் வயலுக்கு வேலி இட முடியுமா?

இவ்வளவையும் யாம் விரித்துரைத்தற்குக் காரணம், இதில் நம் பிள்ளைகளின் வாழ்வு அடங்கியிருத்தலேயாம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு, 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், இரண்டாண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கச் சட்டம் இடந்தருகின்றது. 5ஆவது பிரிவுக்கு மாறாகக் கைமாற்றுவோர்க்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை. அஃது ஆயுட்காலம் வரையும் நீளலாம். தடைசெய்யப்பட்ட வகையாயின் வைத்திருத்தலே ஏழாண்டு முதற்கொண்டு சிறைக்குரியது. தந்தை காதலோடு கொடுத்தார், மகன் பக்தியோடு வாங்கினான் என்பதைச் சட்டம் கணக்கிற் கொள்ளாது. ஒரு வழக்குப் பதிவானால், படையிற் சேர விழையும் இளைஞனுக்கும் அரசுப் பணிக்குத் தேர்வெழுதும் பெண்ணுக்கும் நடத்தைச் சான்று கிடைப்பது அரிதாம். பாட்டனார் மானத்தின் அடையாளமாக வைத்திருந்த பொருளே பேரனின் மானத்தைக் கெடுக்கும் கருவியாகிவிடும்.

சட்டத்திற்கு அப்பாலும் ஒன்று கருதற்பாலது. பூட்டில்லாத பெட்டியில் தோட்டாவுடன் கிடக்கும் துப்பாக்கி, சினமுற்ற கைக்கும் மனமுடைந்த கைக்கும் விளையாட்டுப் பிள்ளையின் கைக்கும் எளிதில் எட்டும். ஒரு கணத்தில் நேர்ந்ததை ஊரே கூடி அழுதாலும் மீட்க இயலாது. ஆகவே வாரிசு என்னும் காரணத்தால் ஒவ்வொருவரும் உரிமம் பெற்றே ஆகவேண்டும் என்று எண்ணற்க. நகரத்திற் கணிப்பொறி முன் அமர்ந்து உழைக்கும் மைந்தனுக்குக் கைத்துப்பாக்கியால் ஆவது என்ன என்று வீட்டார் கூடி ஆராய்தல் வேண்டும். தேவையில்லையெனில் வணிகரிடம் விற்றுவிடுதலோ அரசிடம் ஒப்புவித்தலோ இழிவன்று. தந்தையின் வீரத்தைப் போற்ற அவர் பெற்ற பதக்கம் உண்டு, படைச் சுவடி உண்டு, அவர் நட்ட மரமும் திருத்திய நிலமும் உண்டு.

முடிவாகச் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு ஹட்டியிலும் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் முதியோர், அவ்வுரிமத்தின் காலவரையறையையும், தேசியப் படைக்கல உரிமப் பதிவேட்டின் தனி எண் அதில் ஏறியுள்ளதா என்பதையும் இம்மாதத்திலேயே பார்த்துக்கொள்ளுமாறு ஊர்க் கௌடர்கள் எடுத்துரைத்தல் வேண்டும். இரண்டாவது, 70 வயது கடந்தோர் தம் மக்களை அழைத்து, இத்துப்பாக்கி யாருக்கு, அல்லது விற்பதற்கா என்பதைத் தாம் தெளிவாயிருக்கும்போதே முடிவு செய்து எழுத்தில் வைத்தல் வேண்டும். மூன்றாவது, கணவரை இழந்த தாய்மார் தனியே காவல் நிலையம் செல்லக் கூசுவராகலின், சட்டம் அறிந்த இருவர் சங்கத்தின் சார்பில் அவர்க்குத் துணையாகச் சென்று, பொருளை ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுத் தருதல் வேண்டும். இம்மூன்றாவது பணிக்குப் பொருட்செலவு சிறிதே; அதனாற் காக்கப்படும் குடும்பங்களோ பல.

நிலத்தைக் கொடுக்கும் தந்தை பத்திரம் எழுதிப் பதிவு செய்தே கொடுக்கின்றார். நகையைக் கொடுக்கும் தாய் பலர் அறியக் கொடுக்கின்றார். உயிரைப் பறிக்க வல்ல பொருளை மட்டும் இருளிற் கைமாற்றுதல் தகுமோ? உரிமம் முன்னாகவும் துப்பாக்கி பின்னாகவும் நடக்கும் வழக்கத்தை நம் மலையில் நிலைபெறச் செய்வோமாக.